லேபலை விடுங்கோ, கழுத்தைப் பாருங்கோ

ஐம்பது வருஷம் பழைய விண்டேஜ் போர்ட் வைன் போத்தல் ஒன்றை முன்னால் கொண்டுவந்து வைத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? லேபலைத்தான். எல்லாரும் அப்படித்தான். போத்தலில் எங்களோட கதைக்கிறதுக்கெண்டே ஒட்டப்பட்ட பகுதி அதுதானே. ஆனால் அந்தப் போத்தலில் கடைசியாக நம்ப வேண்டிய சாட்சியும் அதுதான் எண்டது என்ர கருத்து.

“இதை ஏன் எங்களுக்குச் சொல்றியள்? நாங்கள் என்ன பழைய போர்ட் வாங்கவா போறம்?” எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கச் சொல்லியோ குடிக்கச் சொல்லியோ நான் இதை எழுதவில்லை. ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்கிற கதை வேறு, அந்தப் பொருளில் தங்கியிருக்கிற தடயம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குத் தேவை. அதைப் பழகுவதற்கு இந்தப் போத்தல் நல்லதொரு பாடம்.

முதலில், இது என்ன சாமான்?

போர்த்துக்கலின் வடக்கில் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் இருந்து வருவதுதான் போர்ட். சாறு நொதித்துக் கொண்டிருக்கும்போதே அதற்குள் திராட்சையில் வடித்த மதுசாரத்தை ஊற்றுவார்கள். நொதித்தல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சீனி மிஞ்சும், மதுசாரமும் 20 சதவீதம் அளவுக்கு ஏறும். இனிப்பும் காரமுமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

போர்ட்டில் பெரும்பகுதி மரப்பீப்பாயில் கிடந்து முதிர்வது. விண்டேஜ் அப்படியில்லை. ஒரே ஆண்டின் அறுவடையாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு சிறந்தது எண்டு கம்பனி அறிவிக்கவும் வேண்டும். பத்து வருஷத்தில் ஏறத்தாழ மூன்று தரம்தான் அப்படி அமையும். 1927, 1945, 1963, 1977 எல்லாம் பேர்போன ஆண்டுகள். இரண்டு வருஷமளவில் மரத்தில் வைத்துவிட்டு, வடிகட்டாமல் போத்தலில் அடைத்து விடுவார்கள். மிச்ச முதிர்ச்சி முழுக்கப் போத்தலுக்குள்ளேதான் நடக்கும். இருபது, முப்பது, ஐம்பது வருஷம் படுத்த நிலையில் கிடக்கும். அடியில் தடித்த மண்டி படியும்.

அடையாளம் காணும் சிக்கல் முழுக்க இந்த நீண்ட படுக்கையில் இருந்துதான் தொடங்குகிறது.

லேபல் ஏன் பலவீனமான சாட்சி

நிலவறை ஈரமான இடம். ஈரம் இருந்தால்தான் தக்கை காயாமல் இருக்கும். ஆனால் அதே ஈரம் கடதாசியை அழுக வைக்கும். பூச்சி அரிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், எழுத்து கரையும். அதனால் இங்கிலாந்தின் பழைய வைன் வியாபாரிகள் பலர் விண்டேஜ் போர்ட்டுக்கு லேபல் ஒட்டாமலேயே அடுக்கி வைத்தார்கள். எந்தத் தட்டில் எந்தக் கம்பனியின் எந்த ஆண்டு கிடக்கிறது எண்டு பதிவுப் புத்தகத்தில் இருக்கும். விற்கும்போது ஒரு துண்டு லேபல் ஒட்டிக் கொடுப்பார்கள், சிலவேளை அதுவும் இல்லை.

ஆகவே லேபல் இல்லாத போத்தல் எண்டால் போலி எண்டு முடிவெடுக்க ஏலாது. போர்ட் உலகில் அது சாதாரண விஷயம். அதேமாதிரி, தூசி படிந்த பழைய போத்தலில் பளிச்செண்டு லேபல் இருந்தால் அது நல்ல சாட்சி எண்டும் சொல்ல ஏலாது. போத்தல் 1963ஆம் ஆண்டினதாக இருக்கலாம், லேபல் போன கிழமை ஒட்டியதாக இருக்கலாம். ஒட்டினவர் நேர்மையான வியாபாரியாகவும் இருக்கலாம், கள்ளனாகவும் இருக்கலாம். லேபல் ஒரு வாக்குமூலம் மாதிரி. அதை யார், எப்போது, யாருக்காகக் கொடுத்தார் எண்டது அதிலேயே எழுதப்பட்டிருக்காது.

லேபல் நேர்மையாக இருந்தாலும் வாசிக்கத் தெரியாதவரை அது ஏமாற்றும். ஒரு போர்ட் லேபலில் ஆண்டு போட்டிருந்தால் உடனே அது விண்டேஜ் எண்டு நினைப்பவர்கள் கனபேர். “லேட் பொட்டில்ட் விண்டேஜ்” எண்டு இருந்தால் அது நாலு முதல் ஆறு வருஷம் வரை பீப்பாயில் கிடந்து பிந்தி அடைக்கப்பட்டது. வேறு வகை, வேறு விலை. “கொல்ஹெய்த்தா” எண்டு இருந்தால் அதுவும் ஒரே ஆண்டின் அறுவடைதான், ஆனால் ஆகக் குறைந்தது ஏழு வருஷம் மரத்தில் முதிர்ந்தது. முன்பு “விண்டேஜ் கரக்டர்” எண்டும் ஒரு வகை விற்றார்கள். அதில் விண்டேஜ் எண்ட சொல் இருந்தது, விண்டேஜ் இருக்கவில்லை. பல ஆண்டுகளின் கலவை அது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் எதைப் போடுவது, சின்ன எழுத்தில் எதைப் போடுவது எண்டு தீர்மானித்தார்கள், அவ்வளவுதான்.

கழுத்தில் இருக்கிற சாட்சிகள்

அப்படியெண்டால் எதைப் பார்ப்பது? கழுத்தை.

தக்கைக்கு மேலே போத்தல் வாயையும் கழுத்தையும் மூடி ஒரு உறை இருக்கும். கப்சியூல் எண்டு சொல்வார்கள். பழைய போத்தல்களில் அது ஈயத் தகடாகவோ அரக்காகவோ இருக்கும். அதன் உச்சியில் கம்பனியின் பெயரும் ஆண்டும் புடைப்பாகப் பதிக்கப்பட்டிருப்பது வழக்கம். சிலதில் போத்தலில் அடைத்த வியாபாரியின் பெயரும் இருக்கும். ஈயம் அரித்துப் போனால் எழுத்து மங்கிவிடும். அப்போது நேரே வெளிச்சம் அடிக்காமல் பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். தேய்த்துத் துடைக்கப் போனால் இருக்கிறதும் போய்விடும்.

கப்சியூல் எந்தப் பொருளால் செய்தது எண்டதுகூட ஒரு திகதிதான். ஈயத்தின் நஞ்சு காரணமாக 1990களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஈயக் கப்சியூலைத் தடை செய்தன. அதற்குப் பிறகு அடைத்ததாகச் சொல்லப்படும் போத்தலில் ஈயம் இருந்தால், அல்லது 1945 எண்டு சொல்லப்படும் போத்தலில் இக்காலத்துப் பிளாஸ்டிக் உறை இருந்தால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

அதற்குக் கீழே தக்கை. விண்டேஜ் போர்ட்டுக்கு நீளமான, நல்ல தரமான தக்கை போடுவார்கள். அதன் பக்கத்தில் கம்பனியின் பெயரும் ஆண்டும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். கப்சியூலின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் கவனமாக நீக்கி, கண்ணாடிக்குப் பின்னால் பலமான வெளிச்சத்தைப் பிடித்தால், போத்தலைத் திறக்காமலே அந்த எழுத்தை வாசிக்கலாம். லேபல் இல்லாத போத்தல்களை ஏல நிறுவனங்கள் அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். தக்கை வெளியில் தெரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால்தான் அதன் வார்த்தைக்கு மதிப்பு கூட.

பிறகு அந்த வெள்ளைப் பூச்சு. பழைய போத்தல்களின் ஒரு பக்கத்தில் தூரிகையால் இழுத்த மாதிரி வெள்ளைப் பெயின்ற் அடையாளம் இருக்கும். புதுசாகப் பார்க்கிறவர் அழுக்கு எண்டு நினைப்பார். அது நிலவறைத் தொழிலாளி போட்ட குறி. படுக்க வைத்த போத்தலில் எந்தப் பக்கம் மேலே இருந்தது எண்டு காட்டுவதற்கு. போத்தலை இடம் மாற்றினாலும் அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் மண்டி கலங்காது. நான் இதுவரை சொன்னதில் எனக்கு மிகப் பிடித்த சாட்சி இதுதான். வாங்குபவருக்காக இதைப் போடவில்லை. அடுத்ததாகப் போத்தலைத் தூக்கப் போகிற இன்னொரு தொழிலாளிக்காகப் போட்டது.

கண்ணாடியும் கதைக்கும். அச்சின் இணைப்புக் கோடு போத்தலின் வாய் விளிம்பு வரைக்கும் ஏறிப் போனால் அது தானியங்கி இயந்திரத்தில் வார்த்தது. அந்த இயந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டில் வந்தவை. 1870 எண்டு லேபல் ஒட்டிய போத்தலில் அந்தக் கோடு இருந்தால் லேபலை விட்டுவிட்டுக் கோட்டை நம்புங்கோ. அமெரிக்காவுக்குப் போன போத்தல் எண்டால், அரசாங்கத்தின் சுகாதார எச்சரிக்கை அதில் இருக்கிறதா எண்டு பார்க்கலாம். அந்த எச்சரிக்கை 1989 நவம்பரில் இருந்துதான் கட்டாயமானது. அது இருந்தால் அந்தப் போத்தல் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கடைசியாக, போர்த்துக்கல் அரசின் உத்தரவாத முத்திரை. போர்ட் வைனைக் கண்காணிக்கும் நிறுவனம் 1933இல் உருவானது. அதன் இலக்கமிட்ட கடதாசிப் பட்டி போத்தலின் கழுத்தில் இருக்கும். எங்கட நாட்டில் மதுவரித் திணைக்களம் சாராயப் போத்தலில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரித்தான். அந்த ஸ்டிக்கருக்கும் போலி வந்த செய்திகளை நாங்கள் வாசித்திருக்கிறோம். முத்திரை ஒரு சாட்சி, ஆனால் தனிச் சாட்சி.

ஒரு சாட்சி போதாது

“சரி, கள்ளன் கப்சியூலையும் செய்வான், தக்கையிலும் குத்துவான். பிறகு என்ன செய்றது?” எண்டால், உண்மைதான், செய்வான். ரூடி குர்னியவான் எண்டவரின் வழக்கு இதற்கு உதாரணம். அவர் செய்தது போர்ட் இல்லை, பிரெஞ்சு வைன். ஆனால் வேலை ஒன்றுதான். 2012இல் கலிபோர்னியாவில் அவருடைய வீட்டைச் சோதித்தபோது பழைய வைன்களின் லேபல்கள், தக்கைகள், அரக்கு, ரப்பர் முத்திரைகள் எல்லாம் அகப்பட்டன. 2014இல் பத்து வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் மேல் சந்தேகம் வலுத்தது எப்படி எண்டதைப் பாருங்கோ. 2008இல் நியூயோர்க் ஏலம் ஒன்றுக்கு, பொன்சோ எண்ட பிரெஞ்சுத் தயாரிப்பாளரின் க்ளோ சான் டெனி வைன் எண்டு சொல்லி, 1945இல் இருந்து தொடங்கும் பல ஆண்டுப் போத்தல்கள் வந்தன. லேபல் எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து வைனைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். லோரன் பொன்சோ நேரில் போய் விற்பனையை நிறுத்தினார். லேபலை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அந்தப் பொய் தெரிந்திருக்காது. லேபலுக்கு வெளியே இருந்த வரலாறுதான் அதைப் பிடித்துக் கொடுத்தது.

ஆகவே முறை இதுதான்: ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியாகக் கேட்பது, பிறகு ஒன்றோடொன்று பொருந்துகிறதா எண்டு பார்ப்பது. கப்சியூல், தக்கை, கண்ணாடி, பூச்சு, முத்திரை, எந்த நிலவறையில் இருந்து வந்தது எண்ட பதிவு. எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஒன்று விலகினால் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும். காரணம் நேர்மையானதாகவும் இருக்கலாம். பழைய தக்கை உக்கிப் போனதால் கம்பனியே புதுத் தக்கை மாற்றிய போத்தல்களும் இருக்கின்றன.

யாருடைய பெயர்?

இனித்தான் இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம்.

அந்தக் கப்சியூல்களில் பதிந்திருக்கிற பெயர்களை வாசித்துப் பாருங்கோ. டெய்லர், கிரஹாம், வாரே, டௌ, குரொஃப்ட், சண்டெமன். போர்த்துக்கலின் வைனில் ஆங்கிலேய, ஸ்கொட்லாந்துப் பெயர்கள். ஃபெரெய்ரா, ராமோஸ் பின்டோ மாதிரிப் போர்த்துக்கேயப் பெயர்களும் உண்டு. ஆனால் விண்டேஜ் எண்டவுடன் உலகத்துக்கு ஞாபகம் வருவது முதலில் சொன்ன வரிசைதான். 1703இல் கையெழுத்தான மெதுவன் ஒப்பந்தம் பிரெஞ்சு வைனைவிடப் போர்த்துக்கேய வைனுக்குக் குறைந்த வரி எண்டு உறுதி செய்தது. பிரித்தானிய வியாபாரிகள் ஒப்போர்ட்டோவில் கால் ஊன்றினார்கள். 1756இல், பின்னாளில் பொம்பல் பிரபு எண்டு அறியப்பட்ட அமைச்சர், டூரோ மண்ணுக்கு எல்லை வகுத்தார். கருங்கல் தூண்கள் நட்டார்கள். எது போர்ட் எண்டு சொல்லும் உரிமை மண்ணோடு கட்டப்பட்டது. ஆனால் பெயரும் போத்தலும் இன்னும் கனகாலம் வியாபாரியின் கையில்தான் இருந்தன.

20ஆம் நூற்றாண்டு வரைக்கும் விண்டேஜ் போர்ட்டில் பெரும்பகுதி பீப்பாயோடு கப்பலேறி, லண்டனிலும் பிரிஸ்டலிலும் போத்தலில் அடைக்கப்பட்டது. அதனால்தான் ஒரே கம்பனியின் ஒரே ஆண்டு வைன் வேறு வேறு போத்தலில், வேறு வேறு கப்சியூலில் கிடைக்கிறது. ஒன்றில் பெரி பிரதர்ஸின் பெயர், இன்னொன்றில் ஏவரிஸின் பெயர். பரவலாக அப்படி இங்கிலாந்தில் அடைக்கப்பட்ட கடைசி விண்டேஜ் 1970. அதன் பிறகு போர்த்துக்கலிலேயே அடைக்க வேண்டும் எண்ட சட்டம் வந்தது. அதனால் 1963 போத்தலில் போர்த்துக்கல் முத்திரைப் பட்டி இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. 1977 போத்தலில் இல்லாவிட்டால் கேள்வி கேட்க வேண்டும். 1986இல் இன்னொரு மாற்றம்: ஏற்றுமதி எல்லாம் ஆற்றின் முகத்துவாரத்து விலா நோவா டி கயா நகரக் கிடங்குகள் வழியாகத்தான் எண்ட கட்டுப்பாடு நீங்கி, டூரோத் தோட்டக்காரரே நேரடியாக ஏற்றுமதி செய்ய வழி வந்தது. தோட்டத்தின் பெயரையே கப்சியூலில் பதிக்கிற தயாரிப்பாளர்கள் அதன் பிறகுதான் கூடினார்கள்.

கப்சியூலில் இருக்கிற நாலைந்து எழுத்தை ஒழுங்காக வாசித்தால் முந்நூறு வருஷ வியாபாரமும் அதிகாரமும் தெரிகிறது. ஆனால் அதிலும் வராத பெயர்கள் இருக்கின்றன. செங்குத்தான கல்மலையை உடைத்துப் படிக்கட்டுத் தோட்டம் கட்டினவர்கள், கல் தொட்டிக்குள் நின்று மணிக்கணக்காகத் திராட்சையை மிதித்தவர்கள், அந்த வெள்ளைப் பூச்சைப் போட்டவர்கள். அந்த மலைச்சரிவை யுனெஸ்கோ 2001இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. லேபலில் இன்னமும் வியாபாரியின் பெயர்தான்.

“இது எல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு” எண்டு சொல்பவர்களோடு நான் உடன்படாமல் போவது இந்த இடத்தில்தான். போத்தலை வைத்திருப்பது பணக்காரரின் பொழுதுபோக்காக இருக்கலாம். அதை வாசிப்பது அப்படியல்ல.

எங்கட வீட்டுப் பெட்டி

இதே வாசிப்பை எங்கட வீட்டில் இருக்கிற தேயிலைப் பெட்டியில் செய்து பார்க்கலாம். சிங்கச் சின்னம் இருக்கிறதா? இலங்கைத் தேயிலைச் சபையின் அந்தச் சின்னத்தைப் போட வேண்டுமெண்டால் உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்கவும் வேண்டும். போர்த்துக்கல் 1970களில் போர்ட்டுக்குக் கேட்டதும் இதைத்தான்: விளைகிற மண்ணிலேயே அடைக்கப்பட வேண்டும். “சிலோன்” எண்ட சொல் பெரிய எழுத்தில் இருந்து சிங்கம் இல்லாவிட்டால், எங்கே பொதி செய்தது, வேறு நாட்டுத் தேயிலை கலந்ததா எண்டு சின்ன எழுத்தில் தேட வேண்டும். ஊவா, திம்புலை, நுவரெலியா எண்டு இடத்தின் பெயர் இருக்கலாம். பி.ஓ.பி.எஃப். எண்டு தரக் குறி இருக்கும்.

கொழுந்து எடுத்த ஆளின் பெயர் எங்கேயும் இருக்காது. சிலவேளை படம் இருக்கும். கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண், பெயர் இல்லாமல். ஒரு பொருளில் யாருக்குப் பெயர் கிடைக்கிறது, யாருக்குப் படம் மட்டும் கிடைக்கிறது, யாருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை எண்டு கேட்கப் பழகினால், மலையகத்தைப் பற்றிக் கதைக்கும்போது எங்களிடம் அனுதாபத்தைவிடக் கூட ஏதாவது இருக்கும்.

லேபலைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. அதுவும் ஒரு சாட்சி. முழுக் கதையையும் அது ஒன்றிடமே கேட்காமல் இருந்தால் போதும். அடுத்த தரம் கடைக்குப் போனால் தேயிலைப் பெட்டியை மறுபக்கம் திருப்பி, பொதி செய்தவரின் முகவரியில் இருந்து வாசிக்கத் தொடங்குங்கோ.